காதில் பாட்டும் கணவாய்ச் சாலையும்

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் உரிய இவ்விதழில் மோட்டார் சைக்கிளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நூல் விலை, நெசவுக் கூலி, பட்டுக்கூட்டின் அன்றாட விலை, கடன் தவணை ஆகியவற்றை எழுதவே பக்கங்கள் போதவில்லை என்பது உண்மையே. ஆயினும், நமது தருமபுரி மாவட்டத்தில் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலிலும் காலை வேளையில் சற்று நின்று பார்ப்பவருக்கு இதன் காரணம் விளங்கும். ஒரு காலத்தில் சைக்கிள்களும் கட்டை வண்டிகளும் நின்ற இடத்தில் இன்று மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நெய்து முடித்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டுப் பாவு நூலைக் கட்டிக்கொண்டு திரும்புபவரும், பட்டுக்கூட்டு மூட்டையை அங்காடிக்குக் கொண்டு செல்பவரும், தக்காளிக் கூடையுடன் பாலக்கோட்டுக்கு விரைபவரும் இவ்வண்டிகளையே நம்பி இருக்கின்றனர். அவர்களில் இளைஞராக இருப்பவர் பலருடைய காதுகளில் ஒரு சிறு பொருள் செருகப்பட்டிருக்கிறது. கம்பி ஏதும் இல்லை. சட்டைப் பையில் உள்ள தொலைபேசியிலிருந்து பாட்டு நேரே காதுக்கு வந்து சேருகிறது. இப்படிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவது தகுமா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் விஷயம்.

இவ்விரண்டு சாதனங்களுள் ஒன்றிற்கு நமது மாவட்டத்தோடு நெருங்கிய உறவு உண்டு. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் அமைந்தபோது ஓசூரும் அதில் அடங்கியிருந்தது. அந்த ஓசூரில் 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது. இருவர் ஏறிச் செல்லக்கூடிய மொபெட் நம் நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. அரிசி மூட்டை, பால் கேன், ஆட்டுக்குட்டி, நூல் கட்டு என எதை ஏற்றினாலும் சலியாது ஓடிய அவ்வண்டியைப் பற்றி நமது கிராமத்தாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதனுடன் சென்றுவிட்டது. அதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட என்டார்க் என்னும் ஸ்கூட்டர், கைத்தொலைபேசியுடன் புளூடூத் வழியே தொடர்பு கொள்ளும் வசதியுடன் வந்தது. மூட்டை சுமக்கப் பிறந்த வண்டி முப்பத்தெட்டு ஆண்டுகளில் தொலைபேசியோடு பேசும் வண்டியாக வளர்ந்துவிட்டது!

புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவன் என்று அவனைச் சொல்வதால், வெவ்வேறு கருவிகளை ஒன்றிணைக்கும் இம்முறைக்கு அவன் பெயரைச் சூட்டினர். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய வேலை இது. வானொலி அலையையே இதுவும் பயன்படுத்துகிறது; ஆனால் அதன் வலிமை மிகக் குறைவாதலால் பெரும்பாலும் பத்து மீட்டர் தூரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அக்கம்பக்கத்துக் கருவிகளோடு மோதிக்கொள்ளாதபடி, தறியில் நாடா இப்பாலும் அப்பாலும் தாவுவதைப்போல, 79 அலைவரிசைகளுக்கிடையே வினாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கும் என்றால் அதன் நுட்பத்தை வியக்காதிருக்க முடியாது. ஆகவே நமது பேச்சு இச்சாதனத்தைப் பழிப்பதற்காக எழுந்ததன்று.

கைத்தறியில் உட்கார்ந்தவர் எவரும் காதின் அருமையை அறிவார். நாடா ஓடும் ஓசை, பலகை அடிக்கும் ஓசை, மிதி இறங்கும் ஓசை ஆகிய மூன்றும் ஒரு தாளத்தில் செல்லும்போது நெசவாளர் கண்ணை வேறிடத்தில் வைத்திருந்தாலும் கவலையில்லை. எங்கோ ஓர் இழை அறுந்தால், அல்லது நாடா சற்றே இடறினால், கண் காணுமுன் காது சொல்லிவிடும். கை தானே நின்றுவிடும். வண்டி ஓட்டுபவருக்கும் காது செய்யும் ஊழியம் இதுவேயாகும். கண் முன்னால் உள்ளதை மட்டுமே பார்க்கும். பின்னால் வரும் லாரியையும், வளைவுக்கு அப்பால் ஒலி எழுப்பும் பஸ்ஸையும், தன் வண்டியின் சங்கிலி தளர்ந்து உராய்வதையும் அறிவிப்பது காது. பக்கக் கண்ணாடி இருக்கிறதே என்பர் சிலர். நமது ஊர் வண்டிகளில் பாதிக்கு மேல் அக்கண்ணாடிகள் தலைவாருவதற்கே திருப்பி வைக்கப்பட்டுள்ளன என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை.

தொப்பூர்க் கணவாயை எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைத் தாண்டியபின் மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் இடம் அது. இறக்கமும் வளைவும் சேர்ந்து வருகின்றன. பாரம் ஏற்றிய லாரிகள் சில, டீசலை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் கியரை விடுவித்துவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகின்றன. நெடுநேரம் அழுத்திய பிரேக் சூடேறிப் பிடிப்பு இழந்துவிடுகிறது. பிறகு அவ்வண்டியை நிறுத்த ஓட்டுநராலும் இயலாது. 2020 டிசம்பர் 12ஆம் தேதி, முந்தைய விபத்தினால் வரிசையாக நின்றிருந்த வண்டிகளின்மேல் ஒரு லாரி மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24ஆம் தேதியும் அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றியதில் நால்வர் உயிரிழந்தனர். இவையெல்லாம் காதுப் பாட்டினால் நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. பிரேக் இழந்த லாரி பின்னால் வருமானால் முன்னால் செல்லும் எளியவனுக்குத் துணையாக இருப்பது அதன் ஒலிப்பான் ஒன்றுதான் என்பதையே சுட்டுகிறோம்.

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். லாரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. நம் அங்கத்தினர் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு முன் செல்கிறார் என்று கொள்வோம். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் வினாடிக்குச் சுமார் 11 மீட்டர் வீதம் குறைந்துவரும். ஒலிப்பானின் ஓசை 100 மீட்டர் பின்னாலிருந்தே காதில் விழுந்தால் ஒதுங்குவதற்கு 9 வினாடி கிடைக்கும். திறந்த வெளியில் ஓசையானது தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் அளவு தேய்கிறது. காதில் ஒலிக்கும் பாட்டை மீறிக் கேட்க வேண்டுமாயின் ஒலிப்பானின் ஓசை இன்னும் 12 டெசிபல் உரத்து வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், லாரி 25 மீட்டர் அளவுக்கு நெருங்கிய பிறகே அது கேட்கும். அப்போது எஞ்சுவது இரண்டே கால் வினாடி. இன்னது என்று உணர்ந்து, திரும்பிப் பார்த்து, எப்பக்கம் ஒதுங்குவது என்று முடிவு செய்வதற்குள் அது கழிந்துவிடும்.

"நான் இரண்டு காதிலும் வைப்பதில்லை, ஒரு காதில் மட்டுமே வைக்கிறேன்" என்று சமாதானம் கூறும் இளைஞர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வழக்கமே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. ஓர் ஓசை வலப்புறத்திலிருந்து வருகிறதா, இடப்புறத்திலிருந்து வருகிறதா என்பதை மூளை இரு காதுகளையும் ஒப்பிட்டே அறிகிறது. வலப்பக்கத்து ஓசை வலக் காதுக்கு ஒரு கணத்தின் மிகச் சிறு பகுதி முன்னதாகவும் சற்று உரக்கவும் சேரும். அந்த நுண்ணிய வேறுபாடே திசையறிவு. ஒரு காதை அடைத்துவிட்டால் ஏதோ வருகிறது என்று தெரியும். எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. தெரியாதவன் தவறான பக்கம் ஒதுங்குவான். ஒன்றுமே கேளாதவனாவது தன் வழியில் நேரே போய்க்கொண்டிருப்பான்!

இன்னும் ஒரு புதுமை வந்திருக்கிறது. விலை கூடிய சில கருவிகளில் வெளி இரைச்சலை நீக்கும் வசதி அமைத்திருக்கின்றனர். வெளியிலிருந்து வரும் ஓசையை அளந்து, அதற்கு நேர்மாறான ஓசையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றோடொன்று அழியச் செய்வது அதன் வேலை. தாழ்ந்த சுருதியில் இடைவிடாது ஒலிக்கும் முழக்கத்தை அது மிக நன்றாக அழிக்கும். விமானத்தில் பிரயாணம் செய்பவருக்கு இது பெரிய வரம். நெடுஞ்சாலையிலோ தாழ்ந்த சுருதியில் இடைவிடாது முழங்குவது லாரியின் என்ஜின். எதை முதலில் கேட்க வேண்டுமோ அதையே முதலில் துடைத்தெறியும் கருவியைக் காதில் அணிந்து சாலையில் இறங்குவதை எவ்வாறு அழைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

விபத்தே நேராவிட்டாலும் காது கெடும் என்பது வேறொரு செய்தி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தலைக்கவசத்தைச் சுற்றிச் சுழலும் காற்றின் இரைச்சல் என்ஜின் ஓசையையே மூழ்கடித்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 டெசிபலை நெருங்குவதும் உண்டு. அந்த இரைச்சலுக்குமேல் பாட்டு விளங்க வேண்டுமென்றால் ஓசையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 80 டெசிபல் ஓசையை ஒருவர் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு. 90 டெசிபலுக்கு அது 4 மணி நேரமாகவும், 100 டெசிபலுக்கு வெறும் 20 நிமிடமாகவும் குறைந்துவிடுகிறது. பகல் முழுவதும் விசைத்தறிக் கொட்டகையில் நிற்பவருடைய காது தனக்குரிய பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டு வருகிறது. கொட்டகையில் பல்லாண்டு உழைத்த பெரியவர்களிடம் உரக்கப் பேசியே நாம் பழகியிருக்கிறோம். போன செவி மருந்தினால் மீள்வதில்லை. இளமையிலேயே அந்நிலையை விலைகொடுத்து வாங்குவானேன்?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பது முறை. பட்டுப்புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது வீட்டில் ஒருவருக்கும் சரியான உறக்கம் இராது. கூடு கட்டி முடிந்ததும் சந்திரிகைத் தட்டிலிருந்து கூட்டைப் பிரித்து மூட்டை கட்டி, ஏலத்திற்கு நேரமாகிவிடுமே என்று விடியுமுன் தருமபுரிக்குக் கிளம்பும் மனிதர், தூக்கம் வராதிருக்கவே பாட்டைப் போட்டுக்கொள்கிறார். ஓசூர் ஆலைகளுக்கு நாள்தோறும் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகச் சென்று திரும்பும் இளைஞருக்கு அந்த நெடுவழியில் பாட்டு ஒரு துணை. இவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. ஆனால் பாட்டு தூக்கத்தை விரட்டுவது சிறிது நேரத்துக்கே என்று இதனை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கின்றனர். கண் சொருகும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு தேநீரும் கால் மணி நேர உறக்கமும் கொள்வது அதைவிட நெடுநேரம் காக்கும். ஏலம் கால் மணி நேரம் பிந்தினால் நேரும் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிடலாம்.

வழி சொல்லும் குரலுக்காகக் கருவியைப் பயன்படுத்துவோர் உண்டு. தொலைபேசியைக் கையில் எடுத்துப் படம் பார்த்துக்கொண்டு ஓட்டுவதைவிட, "அடுத்த சாலையில் இடப்புறம் திரும்பு" என்று காதில் கேட்டுத் திரும்புவது மேலானதே. கண் சாலையிலேயே நிற்கும். பின்னிருக்கையில் அமர்ந்த மனைவியுடன் கத்தாமல் பேசும் வசதியையும் நாம் மறுக்கவில்லை. மோட்டார் காருக்குள் வானொலி புகுந்த கதையும் நினைவுக்கு வருகிறது. 1930இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து நிறுவனம் ஒன்று மோட்டரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கிய காலத்தில், அது ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கும் என்று கூறித் தடைசெய்யச் சில மாகாணங்களில் முயன்றனர். தடை நிலைக்கவில்லை, உலகமும் அழிந்துவிடவில்லை. ஆனால் கார் ஓட்டுபவரைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவரைச் சுற்றி இருப்பது அவருடைய சட்டை.

இந்த வேறுபாட்டை மற்ற நாடுகள் உணர்ந்திருக்கின்றன. பிரான்ஸ் நாட்டில் 2015 ஜூலை 1ஆம் தேதி முதல், சைக்கிள் ஓட்டுபவர் உட்பட எவரும் காதில் கருவி செருகிக்கொண்டு வண்டி ஓட்டலாகாது என்று விதி செய்தனர். மீறினால் அபராதம் 135 யூரோ. ஆயினும் தலைக்கவசத்தினுள்ளேயே பதித்த ஒலிபெருக்கியை அவ்விதி தடுக்கவில்லை. காதுத் துளையை அடைப்பது வேறு. காதருகே மெல்ல ஒலிப்பது வேறு என்று பகுத்தறிந்திருக்கின்றனர். நமது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கையில் பிடித்த தொலைபேசியை ஓட்டும்போது பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலாகக் கொண்டு, முதல் முறைக்கே 1000 ரூபாய் முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதத்திற்குக் குறையாத சிறையோ விதிக்க இடமளிக்கிறது. கையில் பிடித்தது என்ற சொல்லுக்குள் காதில் செருகியது அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிக்கட்டும். பிரான்ஸைப்போல் நம் நாட்டிலும் பெயர் சொல்லித் தெளிவாக விதி செய்வதே நல்லது என்பது நமது அபிப்பிராயம். அதுவரை சாலை காத்திராது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். நாளொன்றுக்கு இருநூறு பேருக்கும் மேல் ஆகிறது. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே.

நெடுஞ்சாலை மட்டுமே அபாயம் என்றும் எண்ண வேண்டாம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழி காட்டினூடே போகிறது. யானை குறுக்கிடும் வழி அது. யானையின் நடையில் ஓசை இராது என்பதை அப்பக்கத்தார் அறிவர். கிளை முறியும் ஓசையும் மூங்கில் சடசடப்பதுமே அது அருகில் இருப்பதைக் காட்டும் அடையாளங்கள். மாலை மங்கிய வேளையில் அவ்வழியே செல்பவருக்குச் சினிமாப் பாட்டும் வேண்டும், அந்தச் சடசடப்பும் கேட்க வேண்டும் என்றால் நடக்குமா? வத்தல்மலை ஏறும் கொண்டையூசி வளைவுகளிலும், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலம் செல்லும் மஞ்சவாடிக் கணவாயிலும் எதிரே வரும் வண்டியைக் கண் காண்பதற்கு முன் காதே அறிகிறது.

இனி நமது சங்கங்களின் பங்கு. பாட்டைக் காட்டிலும் பேச்சு கொடியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டுக்கு மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. பேச்சுக்குச் சொல்ல வேண்டும். காதிலேயே கருவி இருப்பதால் அழைப்பு வந்தவுடன் ஓட்டிக்கொண்டே பேசத் தொடங்கிவிடுகின்றனர். அந்த அழைப்புகளில் பல எங்கிருந்து வருகின்றன? "நூல் வந்துவிட்டது, எப்போது வருகிறீர்கள்?" என்று சங்க அலுவலகத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். "இன்று கூடு கிலோ என்ன விலைக்குப் போயிற்று?" என்று ஊரிலிருந்து ஒருவர் கேட்கிறார். "தவணை நாளையோடு முடிகிறது" என்று இன்னொருவர் நினைவூட்டுகிறார். விலையைக் கேட்டதும் மனம் உடனே பெருக்கல் கணக்கில் இறங்கிவிடும்; வண்டி தானே ஓடிக்கொண்டிருக்கும். அங்கத்தினர் சாலையில் இருக்கும்போது அவருடைய கவனத்தைப் பறிப்பதில் சங்கமும் வியாபாரியும் வீட்டாரும் பங்காளிகள். ஆகையால் சங்க அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கும் ஊழியர் எவரும் முதலில், "வண்டியில் இருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும், ஆம் என்றால் வேறெதுவும் பேசாமல் வைத்துவிட வேண்டும். விலை விவரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் வண்டியை நிறுத்தியபின் படித்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. பதிவாளரின் அனுமதியும் தேவையில்லை.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகவே இதனைக் கொண்டுவரலாம் என்பது நமது யோசனை. கணவாயிலும், காட்டுவழியிலும், ஊருக்குள்ளும், விடியுமுன்னும் இருட்டிய பின்னும் காதில் எதுவும் வைப்பதில்லை என்று அங்கத்தினர்கள் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த நெடுவழியில் வேண்டுமென்றே தீரும் என்பவர், காதை அடைக்கும் கருவியை விட்டுத் தலைக்கவசத்தில் பொருத்தும் ஒலிபெருக்கியைத் தாழ்ந்த ஓசையில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதைப் பொருத்துவதற்காகக் கவசத்தின் உள்ளேயுள்ள தெர்மோகோல் போன்ற பகுதியைக் கத்தியால் குடைய வேண்டாம். மோதும்போது நசுங்கித் தலையைக் காப்பது அந்தப் பகுதியே. குடைந்த இடத்தில் காப்பு இல்லை. தொலைபேசியைக் கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே திணித்துக்கொண்டு செல்லும் வழக்கத்தைப் பற்றித் தனியே எழுதத் தேவையில்லை.

தீர்மானம் நிறைவேறுமா என்று ஐயுறுவோரும் இருப்பர். அடுத்த அறுவடைக் கூடு அங்காடிக்குச் செல்லும் முன் ஒவ்வொரு சங்கத்தின் செயலாளரும் தம் ஊழியர்களை அழைத்துத் தொலைபேசி பற்றிய அந்த ஒரு கேள்வியை மட்டுமாவது வழக்கத்திற்குக் கொண்டுவரட்டும். மற்றவற்றைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம்.